நடுக்கம் நின்றால்

"நடுக்கம் நின்னுட்டா" என்று நர்மதா சரிவில் இறங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சொன்னாள். அதற்கு மேல் சொன்னதைக் காற்று கொண்டுபோய்விட்டது. வாய் அசைந்ததை வசந்தாமணி பார்த்தாள். கையும் அசைந்தது, எதையோ உள்ளே தள்ளுவது போல. பிறகு மகளின் சிவப்புத் தொப்பி இடுப்பளவு புல்லுக்குள் அமிழ்ந்தது, அதன் மேல் பனிமூட்டம் வந்து மூடிக்கொண்டது. நடுக்கம் நின்றுவிட்டால் என்ன. கூப்பிட்டுக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள், ஆனால் போகிறவளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று எத்தனையோ வருஷத்துப் பழக்கம் அதை மூடிவிட்டது. அதற்குள் மகள் போய்விட்டாள். கீழே, அடுத்த மலை மடிப்பில், நேற்று இரவு கூடாரம் போட்டுத் தங்கிய இடம் இருக்கிறது. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், ஜீப் இருக்கிறது. அவர்களைக் கூட்டிக்கொண்டு வெயில் சாய்வதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள். இங்கே செல்போனில் ஒரு கோடு கூட இல்லை. இங்கே ஒரு பெரிய பாறை, பாறைக்கு அடியில் கொஞ்சம் மறைவு, அந்த மறைவில் கணுக்கால் பிசகிக் கிடக்கும் மாப்பிள்ளை, அவரிடமிருந்து நாலு முழம் தள்ளி நிற்கும் மாமியார். அவள் கையில் உள்ளங்கையளவு ஒரு பொட்டலம். "இதைப் பிரிச்சு அவரைச் சுத்தி விட்டுரும்மா" என்று திணித்துவிட்டுப் போனாள் மகள். காலையில் பை கட்டும்போதே மாப்பிள்ளை பூபதி அதை எடுத்துக் காட்டியிருந்தார். "இது அவசரக் கம்பளிங்க அத்தை. பார்த்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். பிரிச்சா ஆளையே மூடிரும்." கம்பளி என்றால் வசந்தாமணிக்குக் கனமாக, மேலே கிடப்பது தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். இது கைக்குட்டை எடை கூட இல்லை. இதற்கு எதற்குக் கம்பளி என்று பெயர் என்று காலையில் நினைத்தாள். இப்போதும் அதையே நினைத்தாள். நினைத்துக்கொண்டே உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

உள்ளே ஒரு பக்கம் வெள்ளி நிறம், ஒரு பக்கம் தங்க நிறம். மடிப்பு மடிப்பாக, பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது, அது சரசரவென்று கத்தியது. வெள்ளிப் பக்கம் உடம்பைப் பார்க்க வேண்டும் என்று மகள் சொன்னதாக நினைவு. அவள் விரித்துப் பிடித்தபடி மாப்பிள்ளையைப் பார்த்தாள். மல்லாந்து கிடந்தார், கண் மூடியிருந்தது, கால் இரண்டும் நேராக நீட்டி வைக்கப்பட்டிருந்தன. மகள்தான் அப்படி வைத்துவிட்டுப் போனாள், வீங்கிய கணுக்கால் ஆடாமல் இருக்கட்டும் என்று. ஆனால் வசந்தாமணியின் கை நின்றுவிட்டது. இப்படிக் கிடக்கிற ஆள் மேல், உறையிலிருந்து அப்போதுதான் பிரித்த, மடிப்புக் கலையாத புதுசு ஒன்றை விரிப்பது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அப்பாவுக்கு அப்படித்தான் விரித்தார்கள். சம்பந்திகள், பங்காளிகள், ஒவ்வொருவராக வந்து கோடி போட்டார்கள், கடை மடிப்பு சதுரம் சதுரமாக எழுந்து நின்ற வேட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று. இந்தத் தாளிலும் அதே சதுரங்கள். வீட்டில் ஒரு குழந்தைக்குச் சட்டை எடுத்தால் கூட ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் போட்டுவிட மாட்டார்கள், மஞ்சள் பட்டால் அது கட்டுகிற துணி, படாவிட்டால் அது கோடி. இது துணி இல்லை, ஏதோ தாள், ஏதோ பிளாஸ்டிக், இதற்கெல்லாம் சாஸ்திரம் பார்ப்பார்களா என்று ஒரு மனசு கேட்டது. அந்த மனசு நர்மதாவின் குரலில் கேட்டது. இன்னொரு மனசு கையை விடவில்லை. மஞ்சளுக்கு இந்த மலையில் எங்கே போவது. மாப்பிள்ளையின் பல் தந்தியடித்தது, அந்தச் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பியது. அவள் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பையைத் திறந்தாள், டப்பாவைத் திறந்தாள், உள்ளே எலுமிச்சம்பழச் சாதம். விடியற்காலையில் கூடாரத்துக்காரர்களின் அடுப்பில் அவளே கிளறியது, மஞ்சள்தூளைக் கொஞ்சம் கூடவே போட்டிருந்தாள். நாலு பருக்கையை எடுத்துத் தாளின் ஒரு மூலையில் வைத்து நசுக்கித் தேய்த்தாள். தாளில் அது பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை எண்ணெயும் சேர்ந்து ஒரு மஞ்சள் கறை விழுந்தது. போதும். போதுமா என்று பார்த்தாள். போதும்.

விரித்தாள். காற்று அடித்துக்கொண்டு போகாமலிருக்க நாலு பக்கமும் கல் வைத்தாள், மொட்டை மாடியில் வடகத்துணிக்கு வைப்பது போல, பார்த்துப் பார்த்து, இழுத்து இழுத்து. தலையை மட்டும் மூடவில்லை. தலையோடு மூடுவதும் அந்த ஒன்றுக்குத்தான். மாப்பிள்ளை கண் திறந்து தன்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "பிரியாணிப் பொட்டலம் மாதிரி இருக்கறனுங்களா அத்தை" என்றார், ஒவ்வொரு சொல்லும் பல்லில் இடித்து இடித்து வந்தது. அவள் சிரிக்க வேண்டும் என்று நினைத்தாள். "பேசாம படுங்க மாப்பிள்ளை, மூச்சு வாங்குது பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். உட்காரவில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருஷத்தில் மாப்பிள்ளை இருக்கிற இடத்தில் அவள் உட்கார்ந்ததில்லை. அவர் கூடத்தில் இருந்தால் அவள் சமையலறை நிலைப்படி. சாப்பாடு வைக்க வந்தால் வைத்துவிட்டு ஓர் எட்டு பின்னால். இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு என்று மகளிடம் சொல்லிக் கேட்கச் சொல்வாள், அவர் இரண்டு முழத்தில் உட்கார்ந்திருக்க. "ஏம்மா, அவரு என்ன கலெக்டரா" என்பாள் நர்மதா. "நீங்களே கேளுங்க அத்தை, நான் கடிக்க மாட்டேன்" என்பார் அவர். நல்ல மனுஷர். அதனால்தான் தள்ளி நிற்பது. மரியாதை என்பது பிடிக்காதவர்களுக்குச் செய்வதா. நேற்று ஜீப்பில் முன் சீட்டை அவளுக்கு விட்டுவிட்டு மூட்டைகளோடு பின்னால் உட்கார்ந்து வந்தார். கூடாரத்துக்குள் அவளும் மகளும் படுத்துக்கொள்ள, தான் வெளியே அடுப்பு மேடைப் பக்கம் படுக்கைப் பைக்குள் புகுந்து படுத்தார். அத்தை ஒரு தடவையாவது மேலே நின்னு கீழே பார்க்கணும் என்று இந்தப் பயணத்துக்கு ஒற்றைக்காலில் நின்றதே அவர்தான். ஒற்றைக்கால். கால் என்றதும் மனசு போய் முட்டியது. முட்டாமல் சுற்றிக்கொண்டு போகலாம் என்றுதான் ஜீப்பையும் கூடாரத்தையும் நினைத்தாள், ஆனால் எந்த வழியில் போனாலும் அந்த ஓடைக்குத்தான் வந்து சேருகிறது. பெரிய ஓடை கூட இல்லை. மகள் தாண்டிவிட்டாள். அவர் நடுக்கல்லில் நின்று கை நீட்டினார். "புடிச்சுக்குங்க அத்தை." அவள் பிடிக்கவில்லை. "நானே வந்துக்கறனுங்க" என்று புடவையைத் தூக்கிச் செருகினாள், கல்லைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி கல்லைப் பார்த்தாள். எட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, இன்னும் கொஞ்சம் நீட்டினார். எட்டியது. எட்டித்தான் இருந்தது. அந்த விரல் நுனி அவள் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, அப்போதுதான் பாசி வழுக்கியது, கழுத்து வரை தண்ணீரில் போய் விழுந்தார், கால் இரண்டு கல்லுக்கு நடுவில். அந்தத் தண்ணீரில் அவளும் கை வைத்துப் பார்த்தாள். விரல் எலும்பு வரை வலித்தது.

நடுக்கம் நின்றால். நின்றால் என்ன செய்யச் சொன்னாள். தண்ணீர் கொடு என்றாளா. உட்கார வை என்றாளா. சாதம் கொடு என்றால் கை வாய்ப் பக்கம் போயிருக்கும், உள்ளே தள்ளுகிற மாதிரி ஏன் போக வேண்டும். சாதத்தை வாய்க்குள் தள்ளு என்றும் இருக்கலாம். நனைந்த சட்டையைக் கழற்றித் தன்னுடைய ஜாக்கெட்டை அவருக்கு மாட்டும்போது மகள் சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. "இந்தத் தாளு சூடு குடுக்காதும்மா. அவரோட சூடு எவ்வளவு வருதோ அதைத் திருப்பி அவருக்கே அனுப்பும், அவ்வளவுதான்." அது இருந்தது. கடைசியில் சொன்னது மட்டும் இல்லை. பாறைக்கு மேல் காற்று வந்து அடிக்கும்போதெல்லாம் தாள் நடுவில் பந்து போல உப்பியது, காற்று போனதும் அமுங்கியது. உப்பி அமுங்குவதைப் பார்த்தால் அதுவே மூச்சு விடுவது போலிருந்தது. அதற்குள்ளே கிடக்கிறவரின் நடுக்கம் தாளுக்கும் வந்து, ஓயாமல் ஒரு சின்னச் சலசலப்பு, ஈசல் சிறகடிப்பது போல. அந்தச் சத்தம் அவளுக்கு வேதனையாக இருந்தது. நிற்க வேண்டும், இது நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். நர்மதாவுக்கு நாலு வயசில் குளிர்காய்ச்சல் வந்தபோது இப்படித்தான் கட்டிலே ஆடியது, மூன்று போர்வைக்கு மேல் வசந்தாமணி ஏறி அமுக்கிப் படுத்திருந்தாள். திடீரென்று நடுக்கம் நின்றது, நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக வந்தது, இனி பயமில்லை என்றார் மருந்து கொடுத்தவர். அன்றைக்கு அவள் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நடுக்கம் நின்றால் பயமில்லை. அதைத்தான் சொல்லியிருப்பாள். வேறு என்ன. நடுக்கம் நின்னுட்டா பயமில்லம்மா. ஆமாம். அப்படிச் சொல்லிக்கொண்டு பாறையில் ஒரு கையை ஊன்றினாள். சற்று நேரத்தில் சலசலப்பு மெலிந்தது. விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றது. காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. வசந்தாமணி கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டாள். மகள் வரும்போது சொல்ல வேண்டும், நின்னு வெகு நேரமாச்சு கண்ணு, நல்லாத் தூங்கறாரு என்று.

"பம்பை நிறுத்துங்க" என்றார் மாப்பிள்ளை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவர், கனவு போலிருக்கிறது என்று நினைத்தாள். "தண்ணி வழியுது. யாரு இருக்கறது அங்க. நிறுத்துங்க." நாக்கு தடித்தவர் பேசுவது போல, சொல்லெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. "மாப்பிள்ளை, நானுங்க. அத்தை." அவர் அவளைப் பார்த்தார், ஆனால் அவள் இருந்த இடத்தில் பார்க்கவில்லை. தாளுக்குள் கை எதையோ தேடியது. மார்பில் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடித்து இழுக்கப் பார்த்தது, விரல் மடங்கவில்லை. "வேர்க்குதுங்க" என்றார். வேர்க்கிறது. அன்றைக்கு நர்மதாவுக்கும் வேர்த்தது. வேர்த்தால் நல்லது. நல்லதுதானே. அப்படியானால் நெற்றியில் எங்கே வேர்வை. கிட்டே போய்க் குனிந்தாள். நெற்றி காய்ந்து, உதடு நாவல்பழம் தின்றது போல. தொட வேண்டும். தொடாமலே தெரிந்துகொள்ள வழியில்லை. கல்லை நகர்த்தித் தாளைத் தூக்கி, முதல் தடவையாக மாப்பிள்ளையின் கையைத் தொட்டாள். ஓடைக் கல்லைத் தொட்டது போலிருந்தது. தாளுக்கு உள்ளேயும் தொட்டுப் பார்த்தாள், வெளியே இருக்கிற அதே குளிர். கீழே ஈரப் புல், அதன் மேல் அடியில் ஒன்றும் இல்லாமல் கிடக்கிறார், அவள் மேலே மட்டும் விரித்திருக்கிறாள். சுத்தி விடு என்றுதானே சொன்னாள் மகள். போர்த்தி விடு என்றா சொன்னாள். சுத்தி விடு. போர்வை என்றால் போர்த்துவது, அதனால் போர்த்திவிட்டாள். அந்த நேரம் காற்று அடித்து, தூக்கிப் பிடித்திருந்த தாள் திரும்பி அவள் முகத்தில் வந்து அப்பிக்கொண்டது. அவள் மூச்சு அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. சூடாக. கன்னத்தில், மூக்கு நுனியில், கண்ணிமையில், தன் சூடு, இத்தனை இருக்கிறதா என்று ஆச்சரியப்படுகிற அளவுக்கு. தாள் ஒன்றும் தரவில்லை, வந்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. அவளிடமிருந்து வருகிறது, கொடுக்கிறது. அவரிடமிருந்து வரவில்லை. வரவில்லை என்றால், நடுங்கியதே அதைக் கொண்டுவரத்தான், அந்த உடம்பு தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டு ஓய்ந்துபோயிருக்கிறது. அப்படியென்றால் நடுக்கம் நின்றால். நடுக்கம் நின்னுட்டா நீயும் உள்ள போய் அவரைக் கட்டிப் புடிச்சுக்கம்மா. இதோ, முழுசாக, ஒரு சொல் குறையாமல், நர்மதாவின் குரலில். கையை உள்ளே தள்ளிக் காட்டியதோடு சேர்த்து. காற்று எதையும் கொண்டுபோகவில்லை. அப்போது அவ்வளவு காற்றே இல்லை. அவள் காதில் விழுந்தது, விழுந்ததைக் காது உள்ளே விடவில்லை. கையைப் பிடிக்காத அதே ஆள்தான் இதையும் கேட்காமல் விட்டது.

பிறகு நினைக்க நேரமில்லை, ஆனால் நினைப்பு எங்கே நின்றது. மழைக்கோட்டைக் கழற்றித் தரையில் விரிக்கும்போது நர்மதாவின் அப்பா என்ன நினைப்பார் என்று வந்தது. பையை மடக்கி அதன் மேல் வைக்கும்போது ஆடு மேய்க்கிறவன் எவனாவது பார்த்தால் என்று வந்தது. இந்த உயரத்தில் ஆடு ஏது. மாப்பிள்ளையை ஒருக்களித்துத் திருப்பினாள். நல்ல கனம், கால் அசைந்த வலியில் அவர் முனகினார், முனகியது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. தாளின் பாதியை முதுகுக்குக் கீழே செருகி, மீதியைப் பிடித்துக்கொண்டு அவளும் உள்ளே நுழைந்து படுத்தாள், முதுகோடு முதுகாக. இது பரவாயில்லை. பஸ்ஸில் கூட்டத்தில் நிற்கிற மாதிரிதானே. அவர் முதுகு அவள் புடவையையும் ஸ்வெட்டரையும் தாண்டிக் குளிர்ந்தது. ஸ்வெட்டர். இதுவும் கம்பளிதான், இதுவும் அவள் சூட்டை அவளுக்கே வைத்துக்கொள்கிறது, அவருக்கு ஒரு சொட்டு விடாமல். படுத்தபடியே பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். திரும்பினாள். பின்னாலிருந்து அணைத்து, மார்போடு அந்த முதுகை இழுத்து, ஸ்வெட்டரின் இரண்டு பக்கத்தையும் அவர் மேல் போட்டு, கைகளை அவர் அக்குளில் கொடுத்து, தாளைத் தலை வரைக்கும் இழுத்தாள். தலை வரைக்கும். முகத்துக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டாள். உள்ளே மஞ்சள் வெளிச்சமாக இருந்தது, காதுக்குப் பக்கத்தில் தாள் அடைமழை போலக் கத்தியது. அவர் பிடரியில் ஓடைத் தண்ணீர் வாசனையும் நர்மதா வாங்கும் அதே சோப்பின் வாசனையும். அந்தப் பிடரியில் அவள் வாயைக் குவித்து ஊதினாள், கண்ணில் தூசி விழுந்த பிள்ளைக்கு முந்தானையைப் பந்தாக்கி ஊதி ஒற்றுவது போல. பையன் பிறந்திருந்தால் இந்த வயசுதான் இருப்பான் என்று மனசு ஒரு சமாதானத்தை எடுத்து நீட்டியது. அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. பையன் ஒன்றும் இல்லை. இது மாப்பிள்ளை, நர்மதாவின் வீட்டுக்காரர், இவர் செத்துப்போனால், தாலியறுத்த மகள் மேல் பிறந்த வீட்டுக் கோடியைத் தாயே கொண்டுவந்து போட வேண்டியிருக்கும். அந்த நினைப்பு வந்ததும் பிடி இறுகியது. "பம்பை நிறுத்தியாச்சுங்க மாப்பிள்ளை" என்றாள் அவர் காதில். "தூங்காதீங்க. ரசம் வேணுங்களா, சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா." ஏன் ரசம் என்று வந்தது என்று தெரியவில்லை. ஏழு வருஷமாக நேரே கேட்காத கேள்வி, வாய்க்கு அதுதான் கிடைத்தது. அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். வெகு நேரம் கழித்து ஒரு குரல், மெல்ல, "போதுமுங்க" என்றது.

மூட்டம் கலைந்து கலைந்து கூடியது. வெளிச்சம் தாளின் மடிப்புகளில் ஏறி இறங்கியது. அவளுக்குத் தோள் மரத்தது, இடுப்பில் ஒரு கல் குத்தியது, அசைந்தால் உள்ளே காற்று வரும் என்று அசையவில்லை. சூடு போகிறதா, போய்ச் சேருகிறதா, ஒன்றும் தெரியவில்லை. போவது மட்டும் தெரிந்தது. அவளுக்கே பல் கிட்டத் தொடங்கியிருந்தது. எடுத்துக்குங்க என்று நினைத்தாள், யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காமல். அப்போது அவள் கைக்குள் ஏதோ ஒன்று ஓடியது. மெல்லிய ஓட்டம், மாட்டின் தோலில் ஈ உட்கார்ந்தால் சிலிர்க்குமே அப்படி. நின்றது. மறுபடி வந்தது. பிறகு தோள், பிறகு முதுகு, பிறகு உடம்பு முழுவதும் உதறி, தாள் ஈசல் போலச் சலசலத்தது. எந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளோ அதே சத்தம். அதைக் காதால் குடிப்பது போலக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார் போலிருக்கிறது, உடம்பு ஒரு கணம் விறைத்து, எங்கே கிடக்கிறோம், யார் கைக்குள் கிடக்கிறோம் என்று தெரிந்துகொண்டது. "அத்தை" என்றார். "ஆமாங்க" என்றாள். கீழே எங்கேயோ நாலைந்து பேர் கத்திக் கூப்பிட்டார்கள், நடுவில் நர்மதாவின் குரல், கல் உருளும் சத்தம். ஆண்கள். கூடாரத்துக்காரர்கள். எழுந்திரு, புடவையைச் சரிசெய், தள்ளி நில் என்று உடம்பு தானாகவே ஒரு முழங்கையை ஊன்றியது. ஊன்றிய இடத்தில் தாள் விலகி ஒரு கீற்றுக் காற்று உள்ளே வந்தது. மாப்பிள்ளையின் பிடரி மயிர் குத்திட்டதை அவள் கன்னத்தால் அறிந்தாள். முழங்கையை எடுத்துவிட்டுத் தாளை இழுத்துச் செருகினாள். "அத்தை, ஆளுக வர்றாங்க" என்றார் அவர், பல்லில் இடித்து இடித்து, வெட்கப்பட்டு.

"வரட்டுமுங்க மாப்பிள்ளை" என்றாள். "நீங்க நடுங்குங்க."